மனுஷர் பார்க்கவா, பிதா பார்க்கவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கள் சபையில் சனிக்கிழமை சாயந்தரம் வேதபாட வகுப்பு எடுத்து வருகிறேன். மத்தேயு ஆறாம் அதிகாரம் நடத்திய மாதத்தில், நிஜமான வகுப்பு ஜெபம் முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில்தான் நடந்தது. ஒருத்தர் கேட்டதையே அடுத்த வாரம் இன்னொருத்தர் கேட்டார். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. சார், மனுஷர் மெச்சணும்னு செய்யக்கூடாதுன்னு வேதத்துல எங்க இருக்கு?

முக்கியமான இடம் மத்தேயு 6:1 முதல் 18 வரை. தர்மம், ஜெபம், உபவாசம் என்று மூன்றை எடுத்து, மூன்றுக்கும் ஒரே எச்சரிக்கையைத் தருகிறார் இயேசு: மனுஷர் காணவேண்டும் என்று செய்யாதே, அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பலன் தருவார். மூன்றுமே நல்ல காரியங்கள் என்பதைக் கவனியுங்கள். திருடனுக்கும் குடிகாரனுக்கும் சொன்ன புத்தி இல்லை இது, தவறாமல் கோயிலுக்கு வருகிறவனுக்குச் சொன்னது.

இன்னொரு இடம் யோவான் 12:42, 43. அதிகாரிகளில் பலர் இயேசுவை விசுவாசித்தார்கள். ஆனால் ஜெப ஆலயத்தை விட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. தேவனால் வருகிற மகிமையைவிட மனுஷரால் வருகிற மகிமையை அவர்கள் விரும்பினார்கள் என்று யோவான் எழுதுகிறார். ஆக, காட்டிக்கொள்கிறவனுக்கும் இதே நோய், வாயை மூடிக்கொள்கிறவனுக்கும் இதே நோய். நம் பிரசங்கங்களில் முதல் ஆளைத்தான் போட்டு அடிக்கிறோம்.

2. அப்ப யாராவது பாராட்டினா சந்தோஷப்படுறதே பாவமா?

இல்லை. ரோமர் 16ஐ வாசித்துப் பாருங்கள். பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று பவுல் பெயர் பெயராகச் சொல்லி, யார் என்ன செய்தார்கள் என்று மெச்சுகிறார். பாராட்டு பாவமென்றால் அந்த அதிகாரமே இருந்திருக்காது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்துவிட்டு, "அவருக்குப் பெருமை வந்துடக்கூடாது" என்று சாக்குச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது கஞ்சத்தனம்.

நீதிமொழிகள் 27:21 ஒரு நல்ல உவமை தருகிறது. வெள்ளிக்குக் குகை (உருக்குகிற பாத்திரம்), பொன்னுக்குப் புடம், மனுஷனுக்கு அவனுக்கு உண்டாகும் புகழ்ச்சி. புகழ் வந்து போனபின் நமக்குள் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் அங்கே சோதிக்கப்படுகிறது.

3. "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது"ன்னா என்ன அர்த்தம்?

அந்த இடத்தில் (மத்தேயு 6:2) வருகிற கிரேக்கச் சொல் அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் ரசீதில் எழுதுகிற சொல். எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் ரசீதுகளில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்கிற பொருளில் வருகிறது. கைதட்டல் வேண்டுமென்று செய்தான், கைதட்டினார்கள், கணக்கு நேர். பாக்கி ஒன்றும் இல்லை. இயேசு அவனைத் திட்டக்கூட இல்லை, கேட்ட கூலி கிடைத்துவிட்டது என்கிறார். எனக்கு இது திட்டைவிட பயமாக இருக்கிறது.

அதே வசனத்தில் "மாயக்காரர்" என்று நாம் வாசிக்கும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் நாடக நடிகர் என்று அர்த்தம். நடிகனுக்குப் பார்வையாளர் இல்லாவிட்டால் வேலையே இல்லை.

4. ஒரு அதிகாரம் முன்னாடி "உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கக்கடவது"ன்னு சொல்லிட்டு, இங்க மறைச்சு செய்யச் சொல்றாரே?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனுக்கு வயது பதினாறு. நல்ல கேள்வி. மத்தேயு 5:16ல் நற்கிரியைகளைக் காண்கிற மனுஷர் யாரை மகிமைப்படுத்துகிறார்கள்? பரலோகத்திலிருக்கிற பிதாவை. 6:2ல் யார் புகழப்படுகிறார்? செய்தவன். இரண்டு இடத்திலும் ஊர் பார்க்கத்தான் செய்கிறது, பார்த்துவிட்டு யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான் வேறு.

5:15ல் வருகிற, விளக்குத்தண்டின்மேல் வைத்த விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன ராத்திரி விளக்கை ஏற்றினால், தேடிய தீப்பெட்டியும் பாயும் பிள்ளையின் முகமும் தெரியும். யாரும் விளக்கையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

5. எனக்கு அந்த ஆசை இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சவுல் ராஜாவின் கதையை 1 சாமுவேல் 15ல் மெதுவாக வாசியுங்கள், அடையாளங்கள் அங்கேயே இருக்கின்றன. யுத்தம் முடிந்ததும் கர்மேலில் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பம் நிறுத்துகிறான். அழிக்கச் சொன்ன ஆடுமாடுகளை ஏன் தப்பவைத்தாய் என்று தீர்க்கதரிசி சாமுவேல் வந்து கேட்டதும் பழி ஜனங்கள்மேல். பிடிபட்டபின், ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்கிறான். அப்புறம்தான் உச்சம்: பாவம் செய்தேன் என்று ஒத்துக்கொண்ட அதே மூச்சில், என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும், என்னோடு திரும்பி வாரும் என்று கேட்கிறான். ராஜ்யம் கையைவிட்டுப் போன வேளையில் அவன் கவலையெல்லாம் ஊர் என்ன நினைக்கும் என்பதில்!

நான் என்னிடமே கேட்டுக்கொள்கிற கேள்விகளைச் சொல்கிறேன். நான் செய்ததை வேறொருவர் செய்ததாக அறிவித்தால் எத்தனை நாள் தூக்கம் கெடும்? என் வேலையை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் வந்தால் இடம் விடுவேனா? முதல் கேள்விக்கு என் பதில் மூன்று நாள். ஒருமுறை நடந்தது, அதனால் கணக்கு சரியாகத் தெரியும்.

6. டியூப்லைட், ஃபேன், பெஞ்சுல பேர் எழுதிக் கொடுக்கிறது தப்பா அண்ணாச்சி?

எழுத்து பெரிதாகப் பெரிதாக டியூப்லைட்டின் வெளிச்சம் குறைகிறது என்று எங்கள் கோயில்பிள்ளை (கோயில் வேலைகளைப் பார்க்கிற ஊழியர்) ஒருமுறை சொன்னார். அவர் கேலியாகத்தான் சொன்னார்.

இறந்துபோன அம்மாவின் நினைவாக ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டு, அதில் அவர் பெயரை எழுதுகிற மகனை நான் குறை சொல்ல மாட்டேன். அது துக்கத்தின் ஒரு வடிவம். ஆனால் என் அனுபவத்தில் பெயர் எழுத இடமுள்ள பொருளுக்குத்தான் கொடையாளி கிடைக்கிறார். கோயிலில் ஃபேன் தேவைக்கு மேல் சுற்றும். கழிப்பறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அதில் யார் பெயரைப் பொறிப்பது? மனுஷர் புகழ்ச்சியைத் தேடுவதில் பெரிய நஷ்டம் நம் ஆத்துமாவுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். புகழ் இல்லாத வேலை அப்படியே கிடப்பது அதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் டோனாவூர் என்று ஒரு ஊர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மிஷனரி வேலைக்குப் பணம் கொடுத்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர்தான் ஊருக்கே நின்றது. அதே ஊரில் ஆதரவற்ற பிள்ளைகளை அரை நூற்றாண்டு வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1951ல் இறந்தபோது, தன் கல்லறைமேல் கல் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் இருப்பது தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல். பிரபு தன் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்டாரா என்பது நமக்குத் தெரியாது, அதனால் அவர்மேல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டும் ஒரே ஊரில் இருப்பதை நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

7. அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுத்தேன். வீட்டுக்காரி அது பெருமைக்குத்தான்னு சொல்றா.

வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவது ஒரு சந்தோஷமான காரியம். விதவைத் தாய் ஒருத்தி கொண்டுவந்த நான்கு முட்டை ஆயிரம் ரூபாய்க்குப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். பூசணிக்காய்க்கு ஐயாயிரம் விலை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அது காணிக்கை என்றும் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்றே ஒன்று யோசியுங்கள். உங்களை அந்தத் தொகைக்கு ஏற்றியது எது? எதிர் வரிசையில் நின்று ஏலம் கேட்டவர் உங்களுக்கு ஆகாதவராக இருந்தால், உங்கள் வீட்டம்மா சொன்னதில் ஏதோ இருக்கிறது. அதே ஐயாயிரத்தை உண்டியலில் பேசாமல் போட்டிருப்பீர்களா? போட்டிருப்பேன் என்றால் பூசணிக்காயைச் சமைத்துச் சாப்பிடுங்கள். மீதியை உங்கள் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

8. காணிக்கைப் பட்டியலை வாசிக்கக்கூடாதுன்னா, கணக்கு எப்படிச் சுத்தமா இருக்கும்?

பட்டியல் வாசிப்பது வேறு, கணக்குக் காட்டுவது வேறு. கணக்கு கட்டாயம் வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் கொண்டுபோனபோது பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களைக் கூடவே அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8:21ல் காரணமும் சொல்கிறார்.

ரசீது கொடுங்கள், வரவு செலவைத் தணிக்கை செய்து பலகையில் ஒட்டுங்கள். மொத்தத் தொகை எல்லாருக்கும் தெரியட்டும். யார் எவ்வளவு என்பதை ஒலிபெருக்கியில் வாசித்தால்தான் வசூலாகும் என்பார்கள். ஆகும்தான், அதை மறுக்கவில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்த ஆச்சி அந்த வேளையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

9. உதவி செய்ற போட்டோவை ஸ்டேட்டஸ்ல போட்டா நாலு பேருக்கு அது தூண்டுதலா இருக்குமே?

இருக்கலாம். வேலையின் போட்டோவைப் போடுங்கள்: அரிசி மூட்டை, சமைக்கிற அண்டா, கூரை மாற்றிய வீடு. வாங்குகிறவர் முகத்தைப் போடாதீர்கள். அவர் பேத்தியின் வகுப்புத் தோழிகளும் அந்த ஸ்டேட்டஸைப் பார்ப்பார்கள். கொரிந்து சபையின் பந்தியைக் கண்டிக்கும்போது, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்றுதான் பவுல் கேட்டார். உங்கள் நோக்கம் சுத்தமாகவே இருக்கட்டும், வெட்கம் அவருக்கு வந்துவிட்டதே.

10. குவாயர்ல சோலோ பாடறேன். நல்லா பாடணும்னு நினைக்கிறதே பெருமைதானோன்னு பயமா இருக்கு.

நன்றாகப் பாடுங்கள் தம்பி. அரைகுறையாகப் பாடுவதற்குத் தாழ்மை என்று பெயர் இல்லை. பாக் என்கிற ஜெர்மன் இசையமைப்பாளர் தன் பல இசைப் பிரதிகளின் கடைசியில் மூன்று எழுத்துக்கள் எழுதுவார், "தேவனுக்கே மகிமை" என்கிற லத்தீன் வாக்கியத்தின் சுருக்கம். அதே மனிதர்தான் 1730ல், கோயில் இசைக்குப் பாடகரும் வாத்தியக்காரரும் போதவில்லை என்று லைப்சிக் நகரசபைக்கு நீண்ட மனு எழுதினார். மகிமை தேவனுக்கு என்றதால் தரத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பாடி முடித்து யாராவது மெச்சினால் "நன்றி" என்று சொல்லி நிறுத்துங்கள். "ஐயோ, நான் ஒண்ணுமே இல்லீங்க" என்று இழுத்தால் அவர் இன்னொரு தடவை மெச்ச வேண்டியிருக்கும்.

11. இருபது வருஷமா கோயில் பெருக்கறேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வலிக்குது சார்.

வலிக்கத்தான் செய்யும். அதைப் பாவம் என்று சொல்லி உங்களை இன்னும் நோகடிக்க மாட்டேன். முதலில் இது எங்கள் தப்பு. இரண்டாம் பதிலில் சொன்ன கஞ்சத்தனம் சபை முழுக்க இருக்கிறது.

இரண்டு காசு போட்ட விதவையின் சம்பவத்தில் (மாற்கு 12:41 முதல்) நான் ரொம்ப நாள் கவனிக்காத ஒன்று உண்டு. எருசலேம் ஆலயத்தில் கொம்பு வடிவத்தில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூத மரபு சொல்கிறது. ஐசுவரியவான்கள் நிறையப் போடுகிறார்கள். இயேசு எதிரே உட்கார்ந்து பார்க்கிறார், அவளையும் பார்க்கிறார். எல்லாரையும்விட அதிகமாய்ப் போட்டாள் என்று யாரிடம் சொல்கிறார்? சீஷர்களைக் கூப்பிட்டு அவர்களிடம். அவளிடம் சொன்னதாக மாற்கு எழுதவில்லை. தன்னை யார் பார்த்தார் என்றே தெரியாமல் அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படிப் பார்த்தால், யாரும் சொல்லாத இருபது வருஷம் என்பது யாரும் பார்க்காத இருபது வருஷம் இல்லை.

12. "நான் தேவனுக்கு மட்டும்தான் பதில் சொல்லுவேன்"னு எங்க கமிட்டியில ஒருத்தர் சொல்றார். அவர் சொல்றது வேதத்தின்படி சரிதானே?

பணம் சம்பந்தப்பட்ட பேச்சாக இருந்தால் எட்டாம் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மற்றபடி, அவர் மனதில் வைத்திருப்பது 1 கொரிந்தியர் 4:3ஆக இருக்கும். மனுஷர் தீர்ப்பு எனக்கு அற்பக் காரியம் என்கிறார் பவுல். ஆனால் அந்த வசனம் அங்கே முடியவில்லை. நானும் என்னைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை என்று சேர்த்துச் சொல்கிறார். மற்றவர் தீர்ப்பை வேண்டாம் என்றவர் தன் தீர்ப்பையும் சேர்த்தே வேண்டாம் என்கிறார். உங்கள் கமிட்டிக்காரர் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

13. பவுல் மனுஷரைப் பிரியப்படுத்தலைன்னு கலாத்தியருக்கு எழுதுறார். கொரிந்தியருக்கு எல்லாருக்கும் பிரியமா நடக்கிறேன்னு எழுதுறார். எது உண்மை?

இரண்டும். கொரிந்தியரில் (1 கொரிந்தியர் 10:33) தன் பிரயோஜனத்தைத் தேடாமல் மற்றவர்கள் பிரயோஜனத்தைத் தேடி என்று காரணம் இருக்கிறது. சாப்பாடு, பழக்கவழக்கம் போன்றவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் வளைவார். கலாத்தியரில் (1:10) விஷயம் சுவிசேஷமே. அங்கே வளைந்தால் எதிரே இருப்பவருக்குத்தான் நஷ்டம்.

அடுத்த அதிகாரத்திலேயே உதாரணம் இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து தனியே போனார். அவர் எதையும் தப்பாகப் பிரசங்கிக்கவில்லை, பந்தியை மாற்றினார், அவ்வளவுதான். பவுல் எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கேட்டார். இது நமக்கு அந்நியக் கதை இல்லை. 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் ஏற்காமல் விலகினார்கள். இன்றைக்கும் கல்யாணப் பேச்சு வந்தால் "எங்களுக்கு ஒண்ணுமில்ல, சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க" என்கிறோம். முதல் பதிலில் சொன்ன வாயை மூடுகிற நோய் இதுதான். இதில் என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பேசவேண்டிய ஒரு வீட்டில் காபி குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

14. "தோன்றின் புகழொடு தோன்றுக"ன்னு வள்ளுவர் சொல்றாரே, தமிழ் வாத்தியார் நீங்க, அதுக்கு என்ன சொல்றீங்க?

மாட்டிவிட்டீர்கள். அது மட்டுமா, "ஈதல் இசைபட வாழ்தல்" என்பதைத் தவிர உயிருக்கு ஊதியமே இல்லை என்றும் புகழ் அதிகாரத்தை அவர் தொடங்குகிறார். வள்ளுவர் சொல்கிற புகழ் ஏழைக்குக் கொடுத்தவன்மேல் உலகம் சொல்லி நிற்கிற புகழ், காசு கொடுத்து அடித்த சுவரொட்டி இல்லை. அந்த அளவுக்கு ஒத்துப்போகிறது. அதற்குமேல் இழுத்து இரண்டும் ஒன்றே என்று சொல்ல எனக்கு மனமில்லை. வள்ளுவருக்கு ஊரின் நல்ல வார்த்தை அடையத் தகுந்த ஒன்று. நாம் படித்த மத்தேயு ஆறாம் அதிகாரம் அடங்கிய மலைப்பிரசங்கம் அதைப் பிதாவின் கையில் விடச் சொல்கிறது. வித்தியாசம் இருக்கட்டும், இரண்டையும் படியுங்கள்.

15. மனுஷர் கூலி வேண்டாம், தேவன் கூலி வேணும்னா, அதுவும் வியாபாரம்தானே?

வகுப்பிலேயே கடினமான கேள்வி இது. நம் ஆட்கள் இதைப் பழங்காலத்திலேயே கேட்டுவிட்டார்கள். ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது முடமோசியார், இங்கே செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் பார்க்கிற "அறவிலை வணிகன்" அல்லன் அவன் என்கிறார், புறநானூற்றில். பரலோகத்தில் வட்டி வரும் என்று காணிக்கை போடுகிறவனுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

ஆனால் இயேசு பலன் என்ற சொல்லைத் தவிர்க்கவில்லை, நானும் அதை மழுப்ப மாட்டேன். ஒன்று கவனியுங்கள். அந்த அதிகாரத்தில் பலன் கொடுக்கிறவருக்கு முதலாளி என்று பெயர் இல்லை, "உன் பிதா". படம் வரைந்து கொண்டுவருகிற பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கிறது. அந்த முகம் மலரவேண்டும் என்பது ஆசைதான். அதைக் கூலி என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். அப்பாவிடம் கை நீட்டிக் காசு கேட்கிற நாளும் வரும், அது வேறு. நான் இரண்டையும் செய்கிறேன் என்று நினைக்கிறேன்.

16. யாருக்கும் தெரியாம செஞ்சா, "பாரு, யாருக்கும் தெரியாம செஞ்சிட்டேன்"னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை வருது. இதுக்கு என்ன மருந்து?

வலதுகை செய்கிறதை இடதுகை அறியக்கூடாது என்பது இதற்குத்தான். ஊருக்கு மறைப்பது சுலபம், தனக்குத் தானே மறைப்பதுதான் பாடு. முழு மருந்து என்னிடம் இல்லை. உதவி செய்ததைச் செய்த அன்றே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவது கொஞ்சம் உதவுகிறது. கொடுத்த பணத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதை நான் நிறுத்தினேன். இரண்டு வருஷத்தில் பாதி மறந்துபோனது. வயதும் கை கொடுத்தது.

பெருமை வருகிறதே என்று செய்வதை மட்டும் நிறுத்தாதீர்கள். நோக்கம் நூறு சதவீதம் சுத்தமாகும்வரை காத்திருந்தால் அந்தக் கழிப்பறைக் குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

17. இவ்வளவு எழுதியிருக்கீங்க, கீழ உங்க பேர் ஏன் இல்ல சார்?

முதல் பிரதியில் இருந்தது, பட்டத்தோடு. ஆறாம் கேள்விக்குப் பதில் எழுதிய ராத்திரி எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேன் என்பதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன், உங்களோடு நான்கு.